பிடிக்காத இரண்டு துணிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

தையல் எனக்கு வரும். நேர்த்தையல் சுத்தமாக இருக்கும், மூலைகள் பிசகாமல் சேரும். பிரச்சினை நிறம்தான். முதன்முதலாக, துண்டுத்துணிகளை இணைத்து ஒரு ஒட்டுப்போர்வை தைக்கலாம் என்று மயில்நீலம், செங்கல் நிறம், இலைப்பச்சை, மெஜந்தா என்று துணி சேர்த்தேன். எல்லாமே எனக்குப் பிடித்த நிறங்கள். ஆனால் மேசையில் பரப்பினால் சப்பென்று இருக்கிறது. வண்ணச் சக்கரம் வாங்கினேன், செயலிகள் இறக்கினேன், நிறைய வீடியோ பார்த்தேன். ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு துணிகளை விரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்து வைத்துவிடுகிறேன். வெட்டிவிட்டால் போனது போனதுதானே என்ற பயம். "உனக்குக் கலர் சென்ஸ் கிடையாது, விட்டுவிடு" என்கிறார் நாத்தனார். அது பிறவியிலேயே வருவதா? கம்பெனிக்காரர்களே நிறம் சேர்த்துக் கட்டித்தரும் துணிக்கட்டு வாங்கிவிடலாமா? தைக்க எந்த நிற நூல் போடுவது? தயங்காமல் நிறம் தேர்வுசெய்ய ஒரு வழி சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

துணிக்கட்டு வாங்கலாம், தாராளமாக. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால் அங்கேயும் இதே சிக்கல் உங்கள் பின்னாலேயே வரும், காரணத்தைக் கீழே சொல்கிறேன். வண்ணச் சக்கரத்தை அலமாரியில் வைத்துவிடுங்கள். நியூட்டன் நிறங்களை வட்டமாக வரைந்து 1704இல் வெளியிட்டது ஒளியை விளக்குவதற்கு. போர்வை தைப்பவர்கள் அவர் நினைப்பிலேயே இருந்திருக்கமாட்டார்கள். நாத்தனாரைப் பற்றி நான் எதுவும் சொல்வதாயில்லை.

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. கொஞ்ச நாளாக ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் என் மேசையில் கிடக்கிறது. கட்டிலில் ஒரு குழந்தை தூங்குகிறது. எந்தக் குழந்தை என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்னும் வழக்குத் தீரவில்லை, ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். குழந்தையின் மேல் கிடப்பது என் பெரியப்பா தைத்த போர்வை. படத்தில் நிறம் என்பதே கிடையாது. இருந்தும் போர்வையின் ஒவ்வொரு கட்டமும், கட்டங்கள் சேர்ந்து உண்டாகிற பெரிய வைர வடிவங்களும் அத்தனை துலக்கமாகத் தெரிகின்றன.

பெரியப்பா தையல்காரர். அவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. கண் அப்படி. நூல்கண்டுகளின் அடியில் பெரியம்மா சீட்டு ஒட்டி நிறத்தின் பெயரை எழுதிவைத்திருப்பார். சீட்டு உதிர்ந்துபோன கண்டுகளுக்குப் பிள்ளைகள் நாங்கள்தான் கண். "டேய், இது என்ன கலர்?" என்று உள்ளேயிருந்து குரல் வரும், யாராவது ஓடிப்போய்ச் சொல்லவேண்டும். துணி கொடுக்க வந்தவர்கள் நிற்கும்போது மட்டும் கேட்கமாட்டார். அந்த விஷயத்தில் மனிதருக்குப் பயங்கர ரோஷம்.

வெட்டியதுபோக மிஞ்சிய துண்டுகளை மூன்று பைகளில் போட்டுவைப்பார். நிறவாரியாகப் பிரிப்பது அவரால் ஆகாத காரியம். ஆகவே ஒரு பையில் வெளிர், ஒன்றில் அழுத்தம், ஒன்றில் நடுத்தரம். துண்டைக் கை நீட்டித் தூக்கிப் பிடிப்பார், கண்ணை இடுக்கி ஒரு பார்வை, பைக்குள் எறிந்துவிடுவார். யோசித்துப் பார்த்ததே இல்லை. அழுத்தப் பையில் மட்டும் சிவப்புத் துண்டுகள் அளவுக்கு மீறிக் கிடக்கும். நிறக்குருட்டில் ஒருவகையில், சிவப்பு மற்றவர்களுக்குத் தெரிவதைவிட இருண்டு தெரியும். அவருக்கு இருந்தது அதுதான் என்று பின்னாளில் ஊகித்துக்கொண்டேன்.

அந்தப் பைகளிலிருந்து அவர் தைத்த போர்வைகளைப் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன ஒரு கலர் செலக்‌ஷன்!" என்றுதான் சொல்வார்கள். பெரியப்பா மறுக்கமாட்டார், தலையாட்டிக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் தனியாக இருக்கும்போது கேட்டுவிட்டேன். "கலரை எவன் பாத்தான்? எது முன்னால வருது, எது பின்னால போவுதுன்னு பாரு, போதும்" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. அவருக்கு விளக்கவும் வராது. கேட்டால் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

கலர் சென்ஸ் பிறவியிலேயே வருவதா என்று கேட்டீர்களே. பிறவியிலேயே இல்லாத ஒருவரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் துணிகள். பார்க்காமலே சொல்கிறேன், அந்த நான்கும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம், அதாவது நிறம் வேறானாலும் ஒரே அளவு இருட்டு. நம்பிக்கை இல்லையென்றால் நான்கையும் ஒட்டினாற்போல் வைத்து, கைபேசியில் ஒரு படம் எடுத்து, படத்திலிருந்து நிறத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள். தனித்தனியாக எடுக்கக்கூடாது. கைபேசி ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்து எல்லாவற்றையும் நடுச்சாம்பலில் கொண்டுவந்து நிறுத்திவிடும். எல்லாத் துணியும் ஒரே படத்துக்குள் இருக்கவேண்டும். நான்கில் எது மயில்நீலம், எது செங்கல் என்று உங்களாலேயே சொல்லமுடியாமல் போனால், சப்பென்று இருப்பதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே குரலில் பேசுகிற கூட்டம் அது. யார் பேச்சும் காதில் விழாது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. கடையில் கை தானாகப் போவது இந்த நடுத்தர அழுத்தத் துணிகளிடம்தான். அவற்றில்தான் நிறம் நிறமாகத் தெரியும். வெளுத்த துணியைப் பார்த்தால் 'சோகையாக இருக்கிறது' என்போம், கருநீலத்தையும் கரும்பழுப்பையும் பார்த்தால் 'வயசானவர்கள் துணி' என்போம், இரண்டையும் தாண்டி வந்துவிடுவோம். 'எல்லாமே எனக்குப் பிடித்த நிறங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதானே அம்மா பிரச்சினை! கட்டித்தரும் துணிக்கட்டுகளிலும் பல இப்படித்தான். அழகான நடுத்தரங்களாகவே இருக்கும், உண்மையான வெளிரும் உண்மையான அழுத்தமும் அதில் இருக்காது.

லாக் கேபின் என்று ஒரு பழைய கட்டம் உண்டு, வீடியோக்களில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நடுவில் சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வெளிர் பட்டை, மற்ற இரண்டில் அழுத்தமான பட்டை. கட்டம் மூலைவாட்டில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். இந்த ஒரே கட்டத்தைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் போதும், சாய்ந்த வரிகள் வரும், மின்னல் கோடு வரும், வைரத்துக்குள் வைரம் வரும். என் மேசைமேல் இருக்கும் படத்தில் உள்ளதும் அதுதான். அழுத்தப் பக்கத்து நீலத்தை எடுத்துவிட்டு அதே அழுத்தமுள்ள பழுப்பைப் போடுங்கள், வைரம் அசையாது. ஊதா போடுங்கள், அசையாது. ஒரே பக்கத்தில் பத்துத் துணியைக் கலந்து போட்டாலும் அசையாது. வெளிர் பட்டைகளை எடுத்துவிட்டு நடுத்தரத்தைப் போட்டுப் பாருங்கள், வைரம் போயேபோய்விடும். நிறம் எதுவாக இருந்தாலும் வெளிரும் அழுத்தமும் வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. இன்னும் சொல்வேன். நீங்கள் பார்த்த வீடியோக்களில் எத்தனை பேர் இதை ஒழுங்காகச் சொன்னார்கள்? எதிர்நிறம், அண்டைநிறம், முக்கோணம் என்று வண்ணச் சக்கரத்துக் கணக்குகள், போதாததற்கு இந்த வருஷத்து நிறம்! அழுத்தம் சரியாக இருந்தால் எந்த முக்கோணமும் நிற்கும்.

அப்புறம், ஒரு துணி வெளிரா அழுத்தமா என்பதைத் துணியை மட்டும் பார்த்துச் சொல்லவும் முடியாது. அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். உங்கள் மயில்நீலமே, தந்த நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அழுத்தம். கருநீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெளிர். பாரிஸில் கோப்லான் என்ற சித்திரத்திரை நெசவாலை இருக்கிறது. மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824இல் அங்கே சாயப்பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்து பெயர் வாங்கியவர் அவர், ஆகவே முதலில் சாயத்தைத்தான் சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் அந்தக் கறுப்பை வைத்து நெய்ததுதான் காரணம். பக்கத்து நிறம் அதைச் சோர்ந்துபோனதாகக் காட்டியது. இதை நூல் பிடித்துக்கொண்டு போய் 1839இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். 1889இல் இறக்கும்போது வயது 102. சாயத்தைப் பற்றிய புகாரிலிருந்து பிறந்த அந்தப் புத்தகத்தை ஓவியர்கள்தான் விழுந்து விழுந்து படித்தார்கள்.

அதனால்தான் கேட்கிறேன், கையில் ஒற்றைத் துணியைப் பிடித்துக்கொண்டு 'இது சரியா' என்று யோசித்தால் என்ன பதில் வரும்? கண்ணுக்குத் தெரியவேண்டியதை மனத்தால் தீர்மானிக்கப் பார்க்கிறீர்கள். அதுவும் ராத்திரி! விளக்கு வெளிச்சத்தில் ஒன்றேபோல் தெரியும் இரண்டு துணி பகலில் வேறுவேறாகிவிடும். மங்கல் வெளிச்சம் இன்னும் மோசம். சிவப்பு கறுத்து அமுங்கும், நீலம் தூக்கிக்கொண்டு தெரியும். செக் நாட்டு உடலியலாளர் பூர்கினே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்துச் சொன்னார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. பகலில், சன்னலோரத்தில் பாருங்கள். ஆனால் எல்லோரும் தூங்கியபிறகு துணியை விரித்துவைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று படித்தபோது, இவருக்குத் துணி பிடிக்கும், நிறம் பிடிக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிடிக்காதவர்கள் மடித்து வைத்ததை மறுபடி விரிக்கமாட்டார்கள். நாத்தனார் பேச்சை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். (எதுவும் சொல்வதாயில்லை என்றேன். சொல்லிவிட்டேன், போகட்டும்.)

தயங்காமல் தேர்வுசெய்ய வழி கேட்டீர்கள். தயக்கம் போனபிறகுதான் வெட்டுவேன் என்று உட்கார்ந்திருந்தால் அந்தத் துணி அப்படியே மடிப்பில் இற்றுப்போகும். அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். 1970களில் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைத்துக் கொடுத்தபோது மிஞ்சிய துண்டுகளும் போர்வைகளாயின. ஒப்பந்தக்காரர் அனுப்பிய நிறம் எதுவோ அதுதான் கையில். அந்தக் கிராமத்துப் போர்வைகளை 2002இல் முதலில் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க் விட்னியிலும் சுவரில் மாட்டினார்கள். அவர்களிடம் யாரும் எந்தச் செயலியில் பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை.

சரி, செய்யவேண்டியது என்ன? ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். அவ்வளவுதான் நஷ்டம். சுவரில் ஒரு ஃபிளானல் துணியை விரித்து அடித்துவிடுங்கள். பருத்தித் துண்டுகள் ஊசியில்லாமலே அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். துண்டுகளை ஒட்டிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள், கண்ணை இடுக்கிப் பாருங்கள். பூப்போட்ட துணியானால் இந்தத் தூரம் ரொம்ப முக்கியம். பக்கத்தில் மஞ்சளும் ஊதாவுமாக மின்னுகிற பொடிப்பூ, பத்தடி தள்ளி நின்றால் வெறும் சாம்பலாகத் தெரியலாம்.

அதன்பிறகு கடைக்குப் போய் இரண்டு துணி வாங்குங்கள். ஒன்று உங்களுக்குச் சோகையாகத் தெரிகிற வெளிர். இன்னொன்று 'ஐயே' என்று சொல்லவைக்கிற அழுத்தம். தனியாகப் பார்த்தால் பிடிக்கவே கூடாது, பிடித்தால் அது மறுபடியும் நடுத்தரம்தான். அவற்றைச் சுவரில் உங்கள் நான்குக்கும் இடையில் செருகிவிட்டு எனக்கு எழுதுங்கள். படமும் அனுப்புங்கள், நிறம் நீக்கிய படம் ஒன்று, நீக்காதது ஒன்று.

வெளிர் வாங்கும்போது ஒரு கவனம். பளீர் வெள்ளையையும் தந்த நிறத்தையும் பக்கம் பக்கமாக வைத்தால் தந்தம் அழுக்காகத் தெரியும். ஏதாவது ஒன்றோடு நின்றுகொள்ளுங்கள், அல்லது துணிந்து ஏழெட்டு வெளிர்களைக் கலந்துவிடுங்கள். இரண்டே இரண்டு இருந்தால்தான் வம்பு.

நூல் கேட்டிருந்தீர்கள். துண்டுகளை இணைக்க நடுத்தரச் சாம்பல் நூல் ஒன்று போதும், பெரும்பாலான நிறங்களுக்குள் மறைந்துவிடும். மேலே தெரிகிற தையலுக்கென்றால் கண்டைத் துணிமேல் வைத்துப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். கண்டில் சுற்றியிருக்கும்போது நூல் அழுத்தமாகத் தெரியும், ஒற்றை இழையில் வெளிறிவிடும். ஒரு முழம் உருவித் துணிமேல் போட்டுப் பாருங்கள். அந்தச் செங்கல் நிறத்தையும் மெஜந்தாவையும் வெட்டுவதற்கு முன்னால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டுவது நிற்கும்வரை தனியாக அலசிக் காயவைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.