ரொறன்ரோவில் குறைந்த சம்பளமும் கடனும்: புதிதாக வந்த தங்கச்சிக்குப் பதில்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். நிரந்தர வதிவுரிமை (பி.ஆர்.) கிடைத்துக் கனடாவுக்கு வந்து ஏழு மாதம். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மெண்ட், வாடகை 1,500 டொலர். உங்கள் கணவருக்கு வெயர்ஹவுஸில் ஏஜென்சி வேலை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை 1,200 அளவில் கைக்கு வருகிறது. மகளுக்கு இரண்டு வயது என்பதால் நீங்கள் இன்னும் வேலைக்குப் போகவில்லை. கிரெடிட் கார்டில் 2,400 ஏறிவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் தன் பழைய வான் வண்டியை மாதத் தவணைக்குத் தருகிறேன் என்கிறார். கிளிநொச்சியில் அம்மாவுக்குக் கூரை மாற்றக் காசு வேண்டும். "நாங்கள் வீண் செலவு ஒன்றுமே செய்யவில்லை அக்கா, பிறகு எப்படி இந்தக் கடன் வந்தது?" என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் வீண் செலவு செய்யவில்லை என்பதை நான் நம்புகிறேன். கணக்கைப் பாருங்கள். இரண்டு சம்பளம் சேர்ந்தால் 2,400. வாடகை போக 900. அதற்குள் போன், பஸ், சாப்பாடு, பிள்ளையின் பம்பர்ஸ், குளிர் உடுப்பு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அடங்காது. அதனால் உங்களை நீங்களே குறை சொல்வதை இன்றோடு விடுங்கள்.

உங்கள் கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "சைல்ட் பெனிபிட் டாக்ஸ் பைல் பண்ணிய பிறகுதான் வரும் என்று சொன்னார்கள், அதனால் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்." என்னை உறங்கவிடாத வரி அதுதான். சைல்ட் பெனிபிட் என்பது பிள்ளைகளுக்காக அரசாங்கம் மாதாமாதம் தரும் காசு. உங்களுக்குச் சொன்னது பிழையான தகவல். புதிதாக வந்தவர்கள் டாக்ஸ் பைல் பண்ணும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வரித் திணைக்களமான சி.ஆர்.ஏ.யின் ஆர்.சி.66 என்ற படிவத்தையும், அதோடு சேர்ந்த ஆர்.சி.66.எஸ்.சி.எச். என்ற படிவத்தையும் நிரப்பி, பி.ஆர். பத்திரத்தின் பிரதி, மகளின் பிறப்புப் பத்திரத்தின் பிரதி எல்லாம் வைத்து அனுப்ப வேண்டும். வருவதற்கு முன்பு ஊரில் உழைத்த காசையும் அதில் எழுதச் சொல்வார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பிள்ளையைப் பார்ப்பவர் தாய் என்பதால் விண்ணப்பம் உங்கள் பெயரில் போக வேண்டும்.

2025 ஜூலையில் தொடங்கிய பெனிபிட் வருஷத்தில் ஆறு வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளைக்குக் கூடியது 7,997 டொலர், அதாவது மாதம் 666 அளவில். குடும்ப வருமானம் 37,487 டொலருக்குக் கீழே இருந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். நீங்கள் சொன்ன சம்பளத்தைப் பார்த்தால் முழுத் தொகையோ அதற்குக் கிட்டவோ வரும் போலத்தான் தெரிகிறது. தகுதி வந்த மாதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்து, வராமல் போன மாதங்களுக்கும் சேர்த்துத் தருவார்கள். ஆறு மாதத்துக் காசு என்று வைத்தாலே நாலாயிரத்துக்குக் கிட்ட வரும். உங்கள் கார்டுக் கடனை அதிலேயே அடைத்துவிடலாம். ஆனபடியால் இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இந்தப் படிவத்தை இந்தக் கிழமையே அனுப்பிவிடுங்கள். அனுப்பும் முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

டாக்ஸ் பைல் பண்ணுவது அதற்குப் பிறகும் கட்டாயம். ஏப்ரல் 30க்குள் நீங்கள் இரண்டு பேரும் பைல் பண்ண வேண்டும். வருமானமே இல்லை என்றாலும் நீங்களும்தான். ஒருவர் விட்டாலும் அடுத்த ஜூலையில் பெனிபிட் நின்றுவிடும். குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாகப் பைல் பண்ணித் தரும் தொண்டர்கள் மார்ச், ஏப்ரலில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் இருப்பார்கள். சமூக உதவிகளைப் பற்றித் தகவல் சொல்லும் 211 என்ற இலக்கத்துக்கு போன் அடித்தால் எந்த இடம் கிட்ட என்று சொல்வார்கள், தமிழில் கதைக்க வேண்டும் என்றும் கேட்கலாம். வாடகைக்கு இருக்கும் குறைந்த வருமானக்காரருக்கு ஒன்ராறியோ ட்ரில்லியம் பெனிபிட் என்று மாகாணம் தரும் உதவிக் காசு ஒன்று இருக்கிறது. அதுவும் அந்த டாக்ஸ் படிவத்தோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். பைல் பண்ணுபவரிடம் வாடகை எவ்வளவு கட்டினோம் என்று சொல்ல மறக்காதீர்கள்.

சரி, இனிக் கடன் எப்படி வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். பாதி, வருமானம் போதாததால். மற்றப் பாதி, நாளால். காசு வருகிற நாளும் போகிற நாளும் பொருந்தாமல் நிற்கும் அந்த ஐந்து ஆறு நாளில்தான் கடன் வீட்டுக்குள் வருகிறது.

எங்களுக்கு அப்படித்தான் வந்தது. நாங்கள் 2001இல் வந்தோம். என் கணவர் இரவில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார், நான் பாண் தொழிற்சாலையில் பொதி கட்டினேன். 2003 பெப்ரவரி முதலாம் திகதி வாடகை, சம்பளம் ஏழாம் திகதி. 600 டொலர் குறைந்தது. கார்டில் சாமான் வாங்கினால் 21 நாளுக்கு வட்டி இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் காசாக எடுத்தாலும் அப்படித்தான் என்று நினைத்து மெஷினில் 600 எடுத்தேன். காசாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், எடுத்ததற்குத் தனியாகக் கட்டணமும் உண்டு என்பது அடுத்த மாதம் பில் வந்தபோதுதான் தெரிந்தது. அதைக் கட்டினால் அந்த மாதம் சாமானுக்குக் குறைந்தது. சாமானைக் கார்டில் போட்டேன். ஆறு நாள் இடைவெளியில் எடுத்த அந்தக் காசு முடிய ஒக்டோபர் ஆகிவிட்டது. அந்த எட்டு மாதமும் இரவில் எழும்பிக் குசினி மேசையில் இருந்து கணக்குப் பார்ப்பேன். எத்தனை தரம் கூட்டினாலும் ஒரே விடைதான் வந்தது.

அதற்குப் பிறகுதான் நாட்காட்டி முறைக்கு வந்தேன். தமிழ்க் கடையில் வருஷப் பிறப்புக்குத் தரும் பெரிய நாட்காட்டி, நல்ல நேரமும் ராகு காலமும் போட்டிருக்குமே, அதைக் குசினிச் சுவரில் மாட்டினேன். சம்பளம் வருகிற வெள்ளிகளில் நீலப் பேனையால் தொகை. வாடகை, போன், கார்ட் கட்டும் கடைசி நாள், பஸ் பாஸ், எல்லாம் சிவப்பில். பெனிபிட் 20ஆம் திகதியை ஒட்டி வரும், அதுவும் நீலம். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். மாதத்தின் முதல் ஐந்து நாளும் ஒரே சிவப்பு. பிழை எங்கே என்று கண்ணுக்கே தெரிந்தது. போன் கம்பனிக்கு அடித்து, பில் நாளை 22க்கு மாற்றச் சொன்னேன், மாற்றித் தந்தார்கள். கார்டுக்கும் அப்படியே கேட்டேன். கேட்டால் பெரும்பாலும் மாற்றுவார்கள், கேட்காதவரை யாரும் சொல்ல மாட்டார்கள். வாடகையை மட்டும் மாற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு சம்பளத்திலும் வாடகையின் பாதியை அன்றைக்கே வேறு கணக்குக்கு மாற்றிவிடுவேன். உங்களுக்கு அது 750. வேறு கணக்கு என்றால் கார்ட் இல்லாத சேமிப்புக் கணக்கு. கையில் இருந்தால் போய்விடும்.

இன்னொன்றும் அந்த நாட்காட்டியில்தான் கண்டேன். இரண்டு கிழமைக்கு ஒரு சம்பளம் என்றால் வருஷத்துக்கு 26. மாதம் இரண்டு என்று பார்த்தால் 24தான். அந்த மிச்ச இரண்டு எங்கே? வருஷத்தில் இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் வரும். எந்த மாதங்கள் என்று இப்போதே எண்ணி வட்டம் போடுங்கள். மாதம் இரண்டு சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டினால், அந்த மூன்றாவது சம்பளம் முழுதாக உங்கள் கையில் நிற்கும். நாங்கள் முதன்முதலாக ஆயிரம் டொலர் சேர்த்து வைத்தது அப்படித்தான். ஒரு குளிர்காலத்தில் இவருக்கு வேலை போனபோது அந்த ஆயிரம்தான் எங்களைத் தாங்கியது.

கார்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் இந்தக் கடன் முடிய எத்தனை வருஷம், எத்தனை மாதம் ஆகும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அப்படி எழுத வேண்டும் என்பது இங்கே சட்டம். உங்கள் 2,400க்கு 20 வீதம் வட்டி என்றால் மாதம் 40 டொலர் வட்டிக்கு மட்டும் போகிறது. பெனிபிட் காசு வந்ததும் முதலில் இதை முழுதாக அடையுங்கள். பிறகு கார்டை எறியத் தேவையில்லை. கிரெடிட் வரலாறு இங்கே வேண்டும், நாளைக்கு அபார்ட்மெண்ட் எடுக்கப் போனால் அதைத்தான் பார்ப்பார்கள். போன் பில்லை மட்டும் கார்டில் போட்டு, கடைசி நாளுக்கு முன் முழுதாகக் கட்டி வாருங்கள்.

சம்பளத்துக்கு முன் காசு தருகிறோம் என்று பிளாசாவில் வெளிச்சம் போட்டுக்கொண்டு இருக்கும் கடைகளுக்குள் மட்டும் போகாதீர்கள். 100 டொலருக்கு 14 டொலர் வரை எடுக்கலாம் என்று சட்டம் விடுகிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். 500 எடுத்தால் இரண்டு கிழமையில் 570 கட்ட வேண்டும். அந்த 570ஐக் கட்டிய கையோடு வாடகைக்குத் திரும்ப 500 தேவைப்படும். எங்கள் பழைய பில்டிங்கில் ஒரு குடும்பம் அப்படி ஒரு வருஷம் சுற்றியது. அதைவிட வீட்டுக்காரரிடம் போய், "ஐந்து நாள் பொறுங்கள் அண்ணை" என்று கேட்கலாம். வெட்கமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

வெட்கம் என்ற சொல்லோடு அடுத்ததற்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களின் கடனில் நிறைய அதிலிருந்து வருகிறது. சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், கலியாணம் என்று வருஷம் முழுக்க அழைப்பு வரும். ஆளுக்கு ஒரு நூறு என்வலப்பில் வைக்காவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று கார்டில் சாமான் வாங்கிக்கொண்டு கைக்காசை என்வலப்பில் வைத்த காலம் எனக்கும் இருந்தது. இப்போது சொல்கிறேன்: இருபது டொலர் வையுங்கள். முதல் நாளே போய் மரக்கறி வெட்டிக் கொடுங்கள், பலகாரம் சுட உதவுங்கள். அப்படி உதவியவரை எந்த வீட்டிலும் மறக்க மாட்டார்கள். தூரத்து அழைப்பென்றால் போனில் வாழ்த்துச் சொன்னால் போதும்.

அம்மாவின் கூரை. இதில் கல்மனதோடு பேச எனக்கு வராது. என் அம்மாவும் வன்னியில்தான் இருந்தா. ஆனால் கார்டிலிருந்து எடுத்து அனுப்பாதீர்கள். அம்மாவுக்கு போன் எடுத்து, சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு என்று தொகையைச் சொல்லுங்கள். நாங்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. டொலரை ரூபாயாக்கிக் கேட்கும்போது அவர்களுக்கு இங்கே மலையாகக் காசு கிடக்கிற மாதிரித் தெரிகிறது. வாடகை மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் வரும் என்று அதையும் ரூபாயில் சொல்லிப் பாருங்கள், அம்மாவே "உனக்குக் காணுமா பிள்ளை?" என்று கேட்பா. மாதம் 50 என்று ஒரு தொகையை நாட்காட்டியில் சிவப்பில் எழுதி, தவறாமல் அனுப்புங்கள். கூரைக்கு மூன்று சம்பளம் வரும் மாதத்தைச் சொல்லி வையுங்கள்.

வான் வேண்டாம். தவணை 200 என்றுதான் அவர் சொல்லியிருப்பார். புது லைசென்ஸ்காரருக்கு இந்தப் பக்கத்தில் இன்சூரன்ஸ் மாதம் 300க்கு மேல் கேட்டால் ஆச்சரியமில்லை. பெற்றோல், குளிர் ரயர், பழுது வேறு. ரொறன்ரோவின் பஸ், ரயில் சேவையான ரி.ரி.சி.யின் மாதப் பாஸ் 2025இல் 156 டொலர். குறைந்த வருமானக்காரருக்கு ஃபெயர் பாஸ் என்று நகரசபை தரும் கட்டணக் கழிவும் இருக்கிறது, விண்ணப்பித்துப் பாருங்கள். அதிகாலை ஷிப்டுக்கு பஸ் இல்லை என்றால், அதே வெயர்ஹவுஸுக்குப் போகும் ஒருவரோடு கிழமைக்கு இவ்வளவு என்று பேசிப் போகலாம். நாங்கள் கார் வாங்க ஏழு வருஷம் பொறுத்தோம்.

யாருடைய கடனுக்கும் பிணைக் கையெழுத்து வைக்காதீர்கள், கூடப் பிறந்தவர் கேட்டாலும். சீட்டும் இப்போதைக்கு வேண்டாம். நல்ல மனிதர் பிடிக்கும் சீட்டு நன்றாகத்தான் ஓடும், எங்கள் மகனின் முதலாவது வருஷப் படிப்புக் காசு சீட்டில் சேர்ந்ததுதான். ஆனால் நடுவில் ஒருவர் எடுத்துக்கொண்டு மாறிவிட்டால் உங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. இழந்தால் தாங்கும் அளவுக்கு உங்களிடம் இன்னும் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி நீங்களே நன்றாகச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஒன்று மட்டும். கடைகளின் புது விலைத்தாள் வியாழக்கிழமை தொடங்கும். சில கடைகளில் வேறு கடையின் மலிவு விலையைக் காட்டினால் அதே விலைக்குத் தருவார்கள். நாலு லீற்றர் பால் மூன்று பையாக வரும், ஒன்றை வெளியே வைத்து மற்ற இரண்டையும் ஃப்ரீசரில் போடலாம். எடுத்துக் கரைந்ததும் குலுக்கினால் சரி.

மகளுக்கு சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்) எடுத்ததும் கனடா லேர்னிங் பொண்டுக்கு விண்ணப்பியுங்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளையின் படிப்புக்கு அரசாங்கம் முதலில் 500, பிறகு தகுதி இருக்கும் ஒவ்வொரு வருஷமும் 100 என்று மொத்தம் 2,000 டொலர் வரை போடும். நீங்கள் ஒரு சதமும் போடத் தேவையில்லை. வங்கியில் ஆர்.ஈ.எஸ்.பி. என்ற படிப்புச் சேமிப்புக் கணக்குத் திறந்து கேட்டால் போதும். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, மாதாமாதம் கட்டாயம் கட்ட வேண்டிய திட்டத்தில் கையெழுத்துக் கேட்டால், "இவரோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பெனிபிட் வந்தும் கடன் குறையவில்லை என்றால் மறைக்காமல் எனக்கு எழுதுங்கள். லாப நோக்கில்லாத கிரெடிட் கவுன்சலிங் நிலையங்கள் முதல் ஆலோசனைக்குக் காசு கேட்பதில்லை, அந்த இலக்கமும் 211இல் கிடைக்கும். அதற்குள் அந்தப் படிவம். சாமான் வாங்கப் போகும்போது கடையில் ஒரு நாட்காட்டி கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், படிவத்தைத் தபாலில் போட்ட நாளை அதில் முதலாவதாக எழுதுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் பதில் இல்லை என்றால் சி.ஆர்.ஏ.க்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன் எடுப்போம். காலையில் வேளைக்கு எடுத்தால் லைன் கிடைக்கும்.