கேமரா இல்லாத நண்பர் (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

மறைந்த உங்கள் நண்பரைப் பற்றி எழுதிய அஞ்சலியைப் படித்தேன். கடைசிவரை அவர் கேமரா வாங்கவே இல்லை என்கிறீர்கள். நானும் கொஞ்ச காலமாகப் பறவை பார்க்கிறேன். எங்கள் குழுவில் படம் காட்டாமல் ஒரு பறவையைப் பார்த்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை. அப்படியிருக்க, அவர் எழுதிவைத்த நோட்டுகளுக்கு இன்று என்ன மதிப்பு? புண்படுத்தக் கேட்கவில்லை.

செ., தென்காசி

அன்புள்ள செ.,

புண்பட ஒன்றுமில்லை. அவரிடமே பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். "நீங்க படம் எடுங்க, நான் எண்ணிட்டு வாரேன்" என்று குளத்தங்கரையில் நடக்க ஆரம்பித்துவிடுவார்.

அபூர்வப் பறவை என்றால் படம் கேட்பது நியாயம்தான். பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதிகிற ஈபேர்ட் (eBird) இணையதளத்திலும் ஒரு பகுதிக்கு வழக்கமில்லாத பறவையைப் பதிந்தால் விவரம் கேட்பார்கள். ஆனால் கண்டதைத் தெளிவாக எழுதிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். நண்பர் அதில் கெட்டிக்காரர். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் அவர் எழுதிய குறிப்பு ஒன்று: "நத்தைகுத்தி 2. ஒன்று இளசு, அலகை மூடினால் நடுவில் சந்து இல்லை. நத்தையை எடுக்கிறது, நழுவவிடுகிறது, திரும்ப எடுக்கிறது. பெரியது ஓட்டை நொறுக்காமல் சதையை மட்டும் உருவித் தின்றது." நத்தைகுத்தி நாரையின் குஞ்சுக்கு அலகு நேராகத்தான் இருக்கும், வளரும்போதுதான் சந்து விழும். இதை எழுத அவர் சேற்றோரம் எவ்வளவு நேரம் குத்தவைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கூந்தன்குளம் அவருக்குப் பிடித்ததற்குக் காரணம் அந்த ஊர்க்காரர்கள். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல். அதற்கு முன்பே வீட்டு மரத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டினால் அவர்கள் விரட்டமாட்டார்கள். எச்சம் முற்றத்தில் விழும், மீன் நாற்றம் வேறு. யாரும் முகம் சுளித்து அவர் பார்த்ததில்லையாம்.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் நோட்டில் இன்னோர் இடத்தில் இருக்கிறது. பனிக்காலப் பக்கங்களில் திரும்பத் திரும்ப ஒரு வரி வரும்: "பட்டைத்தலை வாத்து: இல்லை." மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வருகிற பறவை அது. வந்த நாளைப் படமெடுக்க ஆளுண்டு; வராத நாளை யார் எடுப்பார்கள்? பார்த்ததையெல்லாம், காக்கை மைனா உட்பட, ஒன்றுவிடாமல் பதிந்தால்தான் பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். ஒரு பறவை குறைகிறதா பெருகுகிறதா என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு வேண்டியது இதுதான். நல்ல படம் மட்டும் ஏற்றுகிறவரிடம் இது கிடைக்காது.

கேமராக்காரர்கள் எல்லாரையும் அவர் வெறுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறுமணிக் குருவியை வெளியே வரவழைக்க அதன் குரலையே செல்போனில் போட்டுக்காட்டுகிற ஆட்களிடம் மட்டும்தான் சண்டை. எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டதென்று அது இரையை விட்டுவிட்டு அலையும். அந்த விஷயத்தில் நான் அவர் கட்சி.

நோட்டுகளை இப்போது அவர் மகள் ஈபேர்டில் ஏற்றிவருகிறாள். பழைய தேதியிட்டுப் பதிய அதில் வழியுண்டு. ஒரே தொல்லை, அவருடைய சுருக்கெழுத்து. "நீ.கா. 40" என்று இருக்கும். சின்ன நீர்க்காகமா, கொண்டை நீர்க்காகமா? தெரியாத இடத்தில் இனம் குறிக்காமல் வெறுமனே நீர்க்காகம் என்றே போடச் சொல்லியிருக்கிறேன். ஊகித்து நிரப்பினால் மனுஷன் எழுந்து வந்துவிடுவார்.

தென்காசியில்தானே இருக்கிறீர்கள்? தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடக்கிறது. ஜனவரியில் உங்கள் பக்கத்துக் குளங்களுக்கும் ஆள் வேண்டியிருக்கும். பெயர் கொடுங்கள். கேமராவும் எடுத்துவாருங்கள், எண்ணி முடித்தபிறகு வெளியே எடுத்தால் போதும்.