எங்கள் செம்பருத்திச் செடியின் அடியில், தரையில் உட்கார்ந்திருக்கும் சின்னான் (கொண்டைக்குருவி) குஞ்சை எடுத்து வளர்க்கலாமா?

வேண்டாம். உங்கள் செம்பருத்தியின் அடியில் இருக்கும் குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தால், அது தவறி விழவில்லை, தானாகவே இறங்கியிருக்கும். சின்னான் குஞ்சுகள் சரியாகப் பறக்கப் பழகுவதற்கு முன்பே கூட்டைவிட்டு வெளியேறிவிடும். பெற்றவை தேடிவந்து ஊட்டும்.

சேலம் அஸ்தம்பட்டியில், எங்கள் வீட்டு மருதாணிச் செடியில் போன சித்திரையில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு ஒன்று வந்ததும் குஞ்சு சிறகு நடுங்க வாயைப் பிளந்தது. வந்தது தாயா தகப்பனா என்று சொல்ல முடியாது; இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கூட்டில் இருந்தபோது குஞ்சின் எச்சம் வெள்ளைப் பைபோல வரும். அதையும் அலகால் எடுத்துப்போய்த் தொலைவில் போட்டுவிட்டு வரும். என்ன பொறுப்பு!

இறகே முளைக்காத குஞ்சு என்றால் மட்டும் மெல்ல எடுத்துக் கூட்டில் வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. பூனையை மட்டும் சில நாட்கள் அந்தப் பக்கம் அண்டவிடாதீர்கள்.