பேரன் சொல்லி டாக்டருக்குப் புரிஞ்சா போதுமா?

கேள்வி: மும்பையில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். கட்சிரோலி பக்கத்துல இருந்து ஒரு பாட்டி அட்மிட் ஆனாங்க, மாடியாங்கற பழங்குடி பாஷை தவிர வேற பாஷை தெரியாது, கூட வந்த பேரன்தான் எல்லாத்தையும் டாக்டர்கிட்ட மராத்தியில சொன்னான். பழங்குடி மொழிகளை ஆஸ்பத்திரி, கவர்மென்ட் ஆபீஸ் எல்லாத்துலயும் கொண்டு வரணும்ங்கறாங்களே, நடக்கிற காரியமா? அவங்க மராத்தி கத்துக்கிட்டா போதாதா?
- வாசகி, சயான் கோளிவாடா

பதில்: நடக்கிற காரியம்தாங்க, அந்தப் பாட்டியோட ஜில்லாவுலயே நடந்திருக்கு. ஹேமல்கசாவுல சமூக சேவகர் பாபா ஆம்தே 1973ல ஆரம்பிச்ச லோக் பிராதரி பிரகல்ப்ங்கற சேவை மையத்துல அவரோட மகன் டாக்டர் பிரகாஷ் ஆம்தேவும் மருமக டாக்டர் மந்தாகினி ஆம்தேவும் மாடியா கத்துக்கிட்டுத்தான் அந்த ஜனங்களுக்கு வைத்தியம் பாத்தாங்க. நம்ம நீலகிரி கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியில இன்னும் ஒரு படி மேல போய், ஆதிவாசிப் பொண்ணுங்களுக்கே ட்ரெயினிங் குடுத்து நர்ஸாக்கினாங்க. எனக்கு அதுதான் சரியான வழின்னு படுது, வர்றவங்களுக்கும் பயம் பாதி போயிடும், அந்த வீட்டுக்கு ஒரு சம்பளமும் போகும்.

பேரனை வச்சுப் பேசறதுல இருக்கிற ஆபத்து உங்களுக்குத் தெரியாததில்ல. கர்ப்பப்பை கோளாறு, ரத்தப்போக்கு, ஒண்ணுக்குப் போறதுல எரிச்சல் இதையெல்லாம் எந்தப் பாட்டி பேரன்கிட்ட வாய்விட்டுச் சொல்லுவாங்க? ஆபரேஷன்னு டாக்டர் சொன்னா அந்தப் பையனும் பயந்து பாதிய முழுங்கிடுவான், கடைசியில கைநாட்டு மட்டும் வாங்கிடறோம். தாராவியில நம்ம தமிழ்ப் பாட்டிங்களுக்கும் இதே கதிதான். தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல தயாரிச்ச நோயாளிகள் உரிமை சாசனத்துல, நோயாளிக்குத் தெரிஞ்ச பாஷையில விளக்கிச் சொல்லணும்னே இருக்கு.

மராத்தி கத்துக்கட்டும்னா, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க கத்துக்கும், காய்ச்சல்ல கிடக்கிற பாட்டி என்ன பண்ணுவாங்க. 2011 சென்சஸ்படி மாடியாவோட உறவு மொழியான கோண்டி பேசறவங்க கிட்டத்தட்ட 30 லட்சம் பேர், அரசியல் சாசனம் அங்கீகரிச்ச மொழிகளோட பட்டியலான எட்டாவது அட்டவணையில இன்னும் அதுக்கு இடமில்ல. 2003 திருத்தத்துல அதுல இடம் கிடைச்ச இன்னொரு பழங்குடி மொழியான சந்தாலியில 2019ல ராஜ்யசபாவுலயே பேசியாச்சு, பராகுவே நாட்டுல பூர்வகுடி மொழியான குவாரனி 1992 அரசியல் சாசனத்துலயே ஸ்பானிஷோட சேர்ந்து ஆட்சிமொழி.

உங்க வார்டுல இப்பவே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. கேஸ் ஷீட்ல நோயாளி பேசற பாஷை என்னன்னு எழுதிடுங்க, பாஷை தெரிஞ்ச ஒரு பொம்பளை ஆள் ஆயாம்மாக்கள்ல, செக்யூரிட்டியில இருக்காங்களான்னு விசாரிங்க. யாரும் இல்லைன்னா அவங்க ஊர் ஆஷா ஒர்க்கர், அதாவது கிராம சுகாதாரப் பணியாளர் நம்பரை பேரன்கிட்ட வாங்குங்க, ஆஷா அதே கிராமத்துப் பொண்ணாத்தான் இருப்பாங்க. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி போனை ஸ்பீக்கர்ல போட்டு, எந்த மாத்திரை எப்போன்னு அவங்களை விட்டு பாட்டிக்குச் சொல்ல வைங்க, பாட்டிக்குக் கேக்க ஏதாவது இருக்கான்னும் கேக்கச் சொல்லுங்க, அப்போ பேரனை மட்டும் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லிடுங்க.