பென்சில் நிக்கட்டும், மார்க்கர் படுக்கட்டும்

கலர் பென்சிலும் மார்க்கரும் ஏகத்துக்கும் சேந்துபோச்சு, கிராஃப்ட் பண்ண உக்காந்தா தேடறதுலயே பொழுது போயிருது, போதாக்கொறைக்கு மார்க்கரெல்லாம் காஞ்சும் போகுது, எப்படி அடுக்கி வெக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. நானு பல்லடம் பக்கமுங்க. சீர்த்தட்டுக்கு பேர் அட்டை, வளைகாப்புக்கு குட்டி குட்டி டேக், குழந்தைக ரூமுக்கு பேர் போர்டு, இப்படி ஆர்டர் எடுத்துப் பண்ணிட்டிருக்கேன், அதனால எங்கூட்டு மேசையில எந்நேரமும் இந்த சாமானுகதான் கெடக்கும்.

கலர் வாரியா அடுக்கறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்ங்க. மொதல்ல மை என்ன வகைன்னு பாத்துப் பிரிங்க, ஏன்னா எது நிக்கோணும் எது படுக்கோணும்னு முடிவு பண்றது அதுதான்.

ரெண்டு பக்கமும் முனை இருக்கற ஆல்கஹால் மார்க்கர் (மை ஆல்கஹால்ல கரைச்சது, ஒரு பக்கம் பிரஷ் முனை, மறுபக்கம் பட்டை முனை) கட்டாயம் படுத்துத்தான் இருக்கோணும். உள்ளார மை சும்மா ரொம்பி நிக்கறதில்லைங்க, நீளமா ஒரு பஞ்சுத் தக்கையில ஊறிக் கெடக்கும், நீங்க டம்ளர்ல குத்த வெச்சீங்கன்னா அது மெல்ல மெல்ல எறங்கி அடி முனையில சேந்துக்கும், மேல் முனை வறண்டுரும், அப்பறம் மேல இருந்த பிரஷ் முனைய எடுத்து இழுத்தா அங்கங்க வெள்ளை விட்டு விட்டு வரும், சரின்னு திருப்பி பட்டை முனைய தொட்டா பொதக்குனு ஊத்தி அட்டையே நாசமாயிரும். காஞ்சுபோச்சுன்னு தூக்கிப் போடறதுக்கு முந்தி ஒரு ராத்திரி படுக்கப் போட்டுப் பாருங்க, மை உள்ள மிச்சமிருந்தா முனை மறுபடி ஊறிக்கும். மூடி டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கோணும், அதுல மட்டும் சோம்பேறித்தனம் ஆகாது.

பள்ளிக்கொடத்துப் பசங்க வெச்சிருக்கற ஸ்கெட்ச் பென்னு தண்ணி மை. ஒத்த முனைதான், அதனால தலைகீழா, முனை கீழ பாக்க நிக்க வெச்சாலும் சரி, படுக்க வெச்சாலும் சரி. காஞ்சா முனைய கொஞ்ச நேரம் தண்ணில தொட்டு வெச்சு எடுத்தா கொஞ்ச நாளைக்கு ஓடும். ஆல்கஹால் மார்க்கருக்கு இந்தத் தண்ணி வைத்தியம் ஆகாதுங்க. குலுக்குனா உள்ள குண்டு கடகடங்கற அக்ரிலிக் பெயிண்ட் மார்க்கரும் படுத்தே இருக்கட்டும், நிக்க வெச்சா சாயம் அடியில தங்கிக்கும், எடுக்கறப்பல்லாம் நல்லா குலுக்கிட்டு எழுதுங்க. வெள்ளை ஜெல் பென்னு மட்டும் தலைகீழா.

சரி, இத்தனை மார்க்கரையும் எங்க படுக்க வெக்கறது? ஆன்லைன்ல அடுக்கடுக்கா பிளாஸ்டிக் ஸ்டேண்டு விக்கறாங்க, வெலையக் கேட்டா அதுக்கு இன்னொரு செட் மார்க்கரே வாங்கிரலாம். நம்ம பக்கம் தோட்டம் இருக்கற எந்த ஊட்டுலயும் சொட்டுநீர் போட்டது போக, மோட்டார் லைன் இழுத்தது போக பிவிசி பைப் துண்டு பொடக்காலில கெடக்கும், இல்லீனா தெரிஞ்ச பிளம்பர்கிட்ட கேட்டா துண்டு துக்காணி கெடைக்கும். 3 இஞ்ச் பைப்ப 5 இஞ்ச் நீளத்துக்கு ஹேக்சா பிளேடுல அறுத்து, விளிம்ப உப்புத்தாள்ல நல்லா தேச்சுட்டு (இல்லீனா கைய கிழிச்சுரும்), ஒரு பழைய மரப்பெட்டியில ஒண்ணு மேல ஒண்ணா படுக்கப் போட்டு அடுக்குங்க. மார்க்கர் கிட்டத்தட்ட 6 இஞ்ச் நீளம் இருக்கறதால மூடி மட்டும் வெளிய எட்டிப் பாக்கும், எந்தக் கலர் எங்கன்னு உக்காந்த எடத்துலிருந்தே தெரியும். திருப்பூர் பக்கம் இருக்கறவங்க துணி ரோல் சுத்தி வர்ற அட்டைக் குழாயவும் இதே மாதிரி அறுத்துக்கலாம், லேசா இருக்கும், ஆனா ஈரம் பட்டா ஊறிரும். முட்டை அட்டை நல்லாருக்கும்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க, குழி ஆழமே பத்தாது, பென்சிலெல்லாம் சாஞ்சு விழுகும்.

எங்க ஏரியாவுக்குன்னு ஒரு தொல்லை பஞ்சு. பக்கத்தால தறி ஓடுனா பறந்து வந்து உக்காந்துக்கும், முனையில ஒரு இழை ஒட்டுச்சுன்னாலே கோட்டுக்குப் பக்கத்துல இன்னொரு மீசைக் கோடு வரும். ட்வீசர்ல புடிச்சு இழுத்துருங்க, வெரல்ல நோண்டுனா உள்ள போயிக்கும். ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய் காத்து அடிக்கறப்ப மண்ணும் சேந்து வரும், அதுக்காக பெட்டி முன்னாடி காடாத் துணில ஒரு தெரை தெச்சு தொங்க விட்டிருக்கேன். எங்க அத்தை அதப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, பேனாவுக்கெல்லாம் தெரை கட்டிப்போட்டு சன்னலுக்கு இல்லாம உக்காந்திருக்கறே"ங்கறாங்க.

வெயிலுக்கும் சொல்லிர்றேன். சித்திரைல ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் ஸ்கூட்டர் டிக்கில மார்க்கர வெச்சுட்டு கல்யாணத்துக்குள்ள போயிராதீங்க, சூட்டுல மை விரிஞ்சு மூடிக்குள்ள கக்கி வெச்சிருக்கும். அட்டாலியும் (பரண்) வேண்டாம், மேல்தளச் சூடு மொத்தமும் அங்கதான்.

அடுத்தது கலர் தேடற பிரச்சனை. மூடிக் கலர நம்பாதீங்க, தாள்ல வர்ற கலர் வேற. நீங்க வேலைக்கு எந்த அட்டைய எடுக்கறீங்களோ அதே அட்டையில ஒவ்வொண்ணையும் ஒரு கட்டம் தீத்தி, பக்கத்துல நம்பர எழுதி, பெட்டியோரமா சொருகி வெச்சுக்கங்க. காப்பிக்ங்கற கம்பெனி ஆல்கஹால் மார்க்கர்ல 358 கலர், பெரும்பாலானதுக்கு நம்பர ஒரு கணக்கா வெச்சிருக்காங்க, எழுத்து எந்தக் கலர் குடும்பம்னு சொல்லும், மொத நம்பர் எவ்வளவு மங்கல்னு, கடைசி நம்பர் எவ்வளவு அடர்த்தின்னு. மத்த கம்பெனிக்காரங்க நம்பர் அதே மாதிரி இருக்கும்னு எடுத்துக்க முடியாது, ரெண்டு கம்பெனி மார்க்கர் கலந்து வெச்சிருந்தா இந்தக் கட்டம்தான் தொணை. வானவில் வரிசை போட்டோவுக்கு அழகு. நானு இலை வேலைக்கு பச்சையெல்லாம் ஒரு குழாய், எழுத்து வேலைக்கு கறுப்பு, காப்பி, தங்கம் ஒரு குழாய்னு வேலையப் பாத்துத்தான் போட்டிருக்கேன்.

கலர் பென்சில் பாவம், எப்படி வெச்சாலும் கெடக்கும். சீவுன முனை மேல பாக்க டம்ளர்ல நிக்கட்டும், அடியில கொஞ்சம் துணி போடுங்க. கீழ மட்டும் போடக்கூடாது, வெளிய தெரியாம உள்ள குச்சி துண்டு துண்டா ஒடஞ்சிரும், அப்பறம் சீவச் சீவ முனை விழுந்துட்டே இருக்கும், நாம ஷார்ப்பனரத் திட்டிட்டிருப்போம். உள்குச்சி மெழுகுல பண்ணுன கலர் பென்சில் சீக்கிரம் ஒடையும், ஃபேபர்-காஸ்டெல் கம்பெனியோட பாலிக்ரோமோஸ் மாதிரி எண்ணெய்ல பண்ணுன பென்சில் கொஞ்சம் தாங்கும், ரெண்டையும் ஒரே டம்ளர்ல கலக்காதீங்க, ஒண்ணு மேல ஒண்ணு தீத்தறப்ப கொழப்பம். வெளியூர் போனா துணில தெச்ச பென்சில் ரோல் நல்லது, ஆனா ரொம்ப நெறைய போட்டா சுருட்டறது சிரமம். வெரலுக்கு எட்டாத குட்டைப் பென்சிலெல்லாம் பழைய ஜியாமெட்ரி பாக்ஸ்ல போட்டு பசங்க கையில குடுத்துருங்க.

மார்க்கர் மொத்தமே ஒரு 20 தான் இருக்குதுன்னா பைப் அறுக்கற வேலையெல்லாம் வேண்டாமுங்க, ஒரு கிலோ மைசூர்பா டப்பா போதும்.