தேக்கை வெட்டினால்தான் பழைய மழை தெரியுமா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரையில் எங்கள் பட்டா நிலம். தாத்தா காலத்துத் தேக்கு 4, மருதமரம் ஒன்று, பனை நிறைய. ஆடிக் காற்றில் ஒரு தேக்கு சாய்ந்துவிட்டது. மற்ற மூன்றையும் வெட்டக் கொடுத்தால் வளையம் எண்ணி, 300 வருஷத்து மழைக் கணக்கும் வயதுச் சான்றிதழும் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். தாது வருஷப் பஞ்சம் எங்கள் மரத்தில் தெரியுமா? அவரை நம்பலாமா?

பதில்: நிற்கிற மரம் எதையும் வெட்டக் கொடுக்காதீர்கள். அவருக்கு வேண்டியது தேக்குக் கட்டை. மழைக் கணக்கு என்பது பேச்சுக்கு. வளையம் பார்க்க மரத்தை வெட்டவே தேவையில்லை. உட்கூடான ஒரு துளைக்கருவியை நெஞ்சுயரத்தில் கையால் திருகி, பட்டையிலிருந்து நடுத்தண்டு வரை 5 மில்லிமீட்டர் பருமனுள்ள குச்சி ஒன்றை உருவி எடுப்பார்கள். அந்தக் குச்சியில் வளையங்கள் வரிசையாக இருக்கும். தச்சு வேலைத் துரப்பணத்தால் குடைந்தால் தூள்தான் கொட்டும். அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பனையில் ஆண்டு வளையமே கிடையாது. மருதிலும் புளியிலும் கோடு கலங்கித் தெரியும். நம்பி எண்ண முடியாது. தேக்கு அப்படியல்ல. இலை உதிர்த்து மறுபடி துளிர்க்கும்போது பெரிய துளைகளோடு புது வளையம் தொடங்குவதால், இழைத்த பலகையில் வெறுங்கண்ணுக்கே தெரியும். மழை குறைந்த வருஷம் வளையம் ஒடுங்கும். ஆனால் பருவத்தின் நடுவே நீண்ட வறட்சி வந்தால் ஒரே வருஷத்தில் இரண்டு வளையம் போலத் தோன்றும். இளமரத்து வளையங்களோ மழை எப்படியிருந்தாலும் அகலமாகத்தான் இருக்கும். எண்ணினால் போதும் என்கிறவருக்கு இது இரண்டும் தெரியாது.

தாது வருஷம் 1876-77. உங்கள் தேக்கு அதற்கு முன்பே முளைத்திருந்தால்தான் அந்தப் பஞ்சம் அதில் பதிந்திருக்கும். சுற்றளவைப் பெருக்கி வயது சொல்வார்கள், ஏமாறாதீர்கள். வாய்க்கால் தண்ணீர் குடித்த தேக்கும் பாறைச் சரிவில் நின்ற தேக்கும் ஒரே சுற்றளவு இருந்தாலும் ஒரே வயது அல்ல. கார்பன் சோதனைக்கென்று பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையிலான மரத்துக்கு அந்தச் சோதனை ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களைக் காட்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் உங்கள் மரம் நிற்கிற இடம். கால்வாய்க் கரை மரத்துக்கு ஊரில் மழை பெய்ததா இல்லையா என்று தெரியாது. அதன் வேருக்கு வருவது தாமிரபரணித் தண்ணீர். அதாவது பொதிகை மலையில் பெய்த மழை. பாபநாசம் அணை வந்த பிறகு அதுவும் இல்லை, கார், பிசானம் என்ற இரண்டு நெற்பருவத்துக்கும் மதகு திறந்த நாள்தான் வளையத்தில் பதியும். கடைமடை என்றால் விஷயம் வேறு. அங்கே வறண்ட வருஷத்தில் தண்ணீர் எட்டாது, மரம் காயும், வளையம் ஒடுங்கும். அப்போதும் அது காட்டுவது உங்கள் ஊர் மழைக்குறைவையா, மலை மழைக்குறைவையா, மேல்மடைக்காரர் தண்ணீரை மறித்ததையா என்று பிரிக்க முடியாது. மலைத்தண்ணீர் வராத மானாவாரிக் குளத்துக் கரையில் நின்றால் மட்டும் அந்தக் குழப்பம் குறையும். உங்கள் நிலம் கடைமடையா என்று நீங்கள் எழுதவில்லை. தலைமடை என்றால் மழையாராய்ச்சி ஆசையை இந்த மரங்களோடு விட்டுவிடுங்கள். வெள்ளமும் அப்படித்தான்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, ஓடி வடிந்த அந்தத் தண்ணீரால் வளையம் அகலமாகிவிடாது.

ஒரு மரத்தை மட்டும் வைத்து மழைக் கணக்கு எழுத முடியாது. ஒரே மாதிரி மண்ணில் நிற்கும் 15, 20 மரங்களில் தலா 2 குச்சி எடுத்து, ஒடுங்கிய வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி, பிறகு மழைமானிப் பதிவோடு ஒப்பிட வேண்டும். கேரளத் தேக்குகளை வைத்து புனே இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு வரிசையை இப்படித்தான் கட்டினார்கள். மலைக்கு இந்தப் பக்கம் விழுகிற பழந்தேக்கெல்லாம் கன அடிக் கணக்கில் ஏலம் போய் அறுப்பு மில்லில் பலகையாகிறது. வட்டத் துண்டாக ஒரு வில்லை அறுத்து வைக்க அதிகாரிகளுக்கும் தோன்றவில்லை, வாங்குகிறவர்களுக்கும் தோன்றவில்லை. துளையிட அனுமதி கேட்கிற ஆய்வாளர்தான் மேசை மேசையாக அலைய வேண்டியிருக்கிறது.

ஆகவே சாய்ந்த தேக்கை விட்டுவிடாதீர்கள். கட்டையை லாரியில் ஏற்றுமுன் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். அடியிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 5 முதல் 8 செ.மீ. தடிமனுக்கு ஒரு முழு வில்லை அறுக்கச் சொல்லுங்கள். அறுப்பவர் நடுவிலுள்ள வைரத்தை மட்டும் விட்டு வெளி வெள்ளையைச் செதுக்கித் தள்ளப் பார்ப்பார், கூடவே நில்லுங்கள். கடைசி வருஷங்கள் அந்த வெள்ளையில்தான் இருக்கின்றன. பட்டையொட்டிய வளையம் போனால் எந்த வருஷத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது? வெயிலில் போடாமல், நிழலில் இரண்டு சட்டத்தின் மேல் வைத்துச் சில வாரம் காயவிடுங்கள். வெடித்தால் பரவாயில்லை, துண்டு விழாமல் கயிற்றால் சுற்றுங்கள். வெள்ளைப் பகுதியில் மாவு மாதிரித் தூள் உதிர்ந்தால் பூச்சி விழுந்துவிட்டது, உடனே மற்ற மரச்சாமானிலிருந்து பிரித்து வையுங்கள். பிறகு 80, 120, 220, 400 என்று வரிசையாக உப்புத்தாள் போடுங்கள். வார்னிஷ், எண்ணெய் எதுவும் வேண்டாம். சாய்ந்த தேதி, இடம், வாய்க்காலுக்கு எத்தனை அடி தூரம் என்பதைப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மரத்தில் ஊறிப் பரவிவிடும்.