டயாலிசிஸ் மெஷின் 3 லிட்டர் தண்ணி எடுத்ததா காட்டுது, அப்பாவோட எடை 2.2 கிலோதான் குறையுது

மெஷின் தப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த 800 மில்லியைக் கணக்குப் போடுங்க. 3 லிட்டர்ங்கிறது வெளியே எடுத்தது மட்டும். முடிவுல குழாய் ரத்தத்தைத் திருப்பி அனுப்ப விடுற சலைனே 200, 300 மில்லி வரும். நடுவுல உங்க அப்பா சாப்பிட்ட இட்லி, குடிச்ச காபி எல்லாம் எடையில ஏறிடும்.

அடுத்த தடவை அதே தராசு, அதே லுங்கி, செருப்பு இல்லாம முன்னும் பின்னும் எடை பாருங்க. உள்ளே போனதையெல்லாம் ஒரு துண்டுச்சீட்டுல எழுதி 3 லிட்டர்ல கழிங்க.

அப்படியும் 300, 400 மில்லி உதைச்சா டெக்னீஷியன்கிட்ட சொல்லுங்க. டயலைசர்ல (ரத்தத்தை வடிகட்டுற உருளை) மாட்டுற குழாய் இணைப்போட ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், தேஞ்சு காத்து இழுத்தா, பேலன்ஸ் சேம்பர்ல (டயலைசருக்குப் போற, வர்ற திரவத்தைச் சமமா அளக்குற அறை) தண்ணி இருக்க வேண்டிய இடத்தைக் காத்து பிடிச்சுக்கும், உடம்புலேர்ந்து எடுக்கிறது குறையும். மெஷினுக்கு அடியில சொட்டுதான்னும் குனிஞ்சு பாருங்க. அது நேர்மாறு: பேலன்ஸ் சேம்பருக்கும் டயலைசருக்கும் நடுவுல ஒழுகினா, அந்த அளவையும் சேர்த்து உடம்புலேர்ந்து இழுத்துடும், பிரஷர் தடால்னு இறங்கும்.

ஒண்ணு மட்டும்: 800 மில்லி குறையுதேன்னு 3.8 லிட்டர்னு ஏத்தி வைக்கச் சொல்லாதீங்க. மணிக்கு, உடம்பு எடையில கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல தண்ணி எடுக்கக் கூடாதுங்கிற வரம்புப்படி, 60 கிலோ ஆளுக்கு 4 மணி நேரத்துல 3.1 லிட்டர்தான். டாக்டர் சொல்லாம அந்த எண்ணைத் தொட வேண்டாம்.